அந்த ‘ஒய்’யை எடுத்துவிடுங்கள்: அட்மின் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

வணக்கம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் ஓடும் பெட்டிகளில் வாரம் ஒருமுறை ஓடும்படி, வேண்டாத பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நீக்கும் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டு, கேள்வியே கேட்காமல் இருக்க அதன் வாலில் ‘மைனஸ் ஒய்’யையும் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். அந்த ‘ஒய்’யை எடுத்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான். காரணம் சொல்லாவிட்டால் எடுக்கமாட்டீர்கள் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் இரவு 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அன்றைய பில்களின் பிடிஎஃப்களை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவியை வைத்துச் சுருக்கி, ஒரே கோப்பாக்கி, கணக்குப் பிரிவுக்கு அனுப்பும். வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் அட்மின் ஒருவர், சர்வரில் பிரிண்டர் மென்பொருள் எதற்கு என்று கப்ஸையும் அதன் ஃபில்டர்களையும் நீக்கினார். நியாயம்தான், அந்தப் பெட்டியில் பிரிண்டரே கிடையாது. ஆனால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் உள்ளே வந்ததே கப்ஸ் ஃபில்டர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான், தனியாக யாரும் அதை நிறுவியிருக்கவில்லை. ஞாயிறு இரவு ஆட்டோரிமூவ் அதையும் பெருக்கித் தள்ளிவிட்டது. திங்கள் காலை கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன்: “தம்பி, பில் ஃபைலைத் திறந்தா ஒண்ணுமே இல்லப்பா, சைஸே ஜீரோன்னு காட்டுது.” லாகைப் பார்த்தால் ‘ஜிஎஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. ஜிஎஸ் என்பது கோஸ்ட்ஸ்கிரிப்டைக் கூப்பிடும் கட்டளை. ஸ்கிரிப்ட் எழுதியவன் நான், அதனால் திட்டும் எனக்கே.

பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்ட் மேல் தப்பில்லை. ஒரு பேக்கேஜை நீங்கள் பெயர் சொல்லி நிறுவினீர்களா, வேறொன்றுக்குத் துணையாக வந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். துணையாக வந்ததென்றால் ‘எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ்’ கோப்பில் அதன் பெயரோடு ‘ஆட்டோ-இன்ஸ்டால்டு: 1’ என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். அழைத்து வந்தவர் போனதும், அதை நம்பி வேறு பேக்கேஜ் எதுவும் இல்லையென்றால், இதுவும் போகலாம் என்று முடிவு கட்டும். கல்யாண வீட்டுக்கு மாமாவோடு வந்த பையன் மூன்று நாளாகப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாலும், மாமா கிளம்பினால் அவனும் கிளம்ப வேண்டியதுதான் என்பது போல. உங்கள் கிரான் ஸ்கிரிப்டோ, ஆப்ட் வழியாக இல்லாமல் நீங்களே போட்டு வைத்த பைத்தான் நிரலோ எதைக் கூப்பிடுகிறது என்பது அதன் கணக்கிலேயே வராது.

காப்பாற்ற ஒரே வரி போதும்: ‘ஆப்ட்-மார்க் மேனுவல் கோஸ்ட்ஸ்கிரிப்ட்’. பெயர் சொல்லி நிறுவியது என்று அது குறித்துவிடும். ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜுக்கே மறுபடி ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கொடுத்தாலும் அதேதான் நடக்கும். சிலர் பயத்தில் ‘ஹோல்ட்’ போட்டுவிடுகிறார்கள், அது வேண்டாம். நீக்குவதைத் தடுக்கும், சரி, கூடவே அப்டேட்டையும் தடுத்துவிடும், கோஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி அடிக்கடி பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒன்றை அப்படி உறைய வைப்பது வேறு வம்பு.

நான் இப்போது செய்வது இன்னும் பத்திரம். ‘ஈக்விவ்ஸ்’ என்ற கருவியை வைத்து ஒரு வெற்றுப் பேக்கேஜ் செய்து, என் ஸ்கிரிப்ட்டுகளுக்குத் தேவையானதையெல்லாம் அதன் ‘டிபெண்ட்ஸ்’ வரியில் எழுதி, பெயர் சொல்லி நிறுவிவிடுகிறேன். யாராவது கோஸ்ட்ஸ்கிரிப்டைத் தூக்கப் போனால், கூடவே என் பேக்கேஜும் போகும் என்று ஆப்ட் காட்டும். அந்தப் பெயரைப் பார்த்ததும் கை கொஞ்சம் தயங்கும்.

ஆட்டோரிமூவ் தானாக ஓடாவிட்டால் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப்பகுதி) சேர்ந்து ‘பூட்’ பகுதி நிரம்பிவிடுமே என்பீர்கள். பழைய கெர்னல்களை எடுக்கும் வேலையை, தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் முன்னிருப்பாகவே செய்கிறது. ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் ‘ரிமூவ்-அன்யூஸ்டு-டிபெண்டன்சீஸ்’ என்ற வரியை எங்கிருந்தோ காப்பியடித்து ‘ட்ரூ’ ஆக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள், அது ஆட்டோரிமூவின் தம்பி. ஃபெடோராக்காரர்கள் (அதுவும் ஒரு லினக்ஸ்தான்) சிரிக்க வேண்டாம், அங்கே ஆப்டின் இடத்தில் இருக்கும் டிஎன்எஃப்பில் ‘டிஎன்எஃப் ரிமூவ்’ கொடுத்தாலே துணைகளும் நீக்கும் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும்.

2021 நவம்பரில் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே இழந்தது ஞாபகம் இருக்கும். அவரிடமாவது ஆப்ட் எச்சரித்து, ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியத்தையும் அடிக்க வைத்தது. உங்கள் கிரானுக்கு ஒரே எழுத்து போதும், எச்சரிக்கையைப் படிக்கவும் அந்நேரம் ஆள் இல்லை.

‘ஒய்’ இருந்த இடத்தில் ‘மைனஸ் எஸ்’ போடுங்கள். எதையும் நீக்காது, பட்டியலை மட்டும் தரும், அதை உங்கள் மெயிலுக்கு வரவைத்துக்கொள்ளுங்கள். அதில் எஃப்எஃப்எம்பெக், இமேஜ்மேஜிக், பாப்ளர்-யூட்டில்ஸ் மாதிரி ஸ்கிரிப்ட்டுகள் கூப்பிடக்கூடிய கருவி ஏதாவது கண்ணில் பட்டால், ஸ்கிரிப்ட் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், கிரான் கோப்புகளில் கிரெப்பாவது போட்டுத் தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
திங்கள்கிழமை போன் வாங்கிய ஒருவன்