சர்க்கரைக்கு மாத்திரையும் தருகிறார்கள், சர்க்கரையும் தருகிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவுக்கும் தன்னார்வலர் பெண் ஒருவர் மாதாமாதம் வருகிறார். பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அதே வீட்டுக்கு ரேஷன் கடையிலிருந்து என்ன வருகிறது? விலையில்லா அரிசி, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், அப்புறம் சர்க்கரை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை தருவதும் அரசு, சர்க்கரை தருவதும் அரசு! 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்புதான் அந்தப் பையில் உருப்படியான சரக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்? ரேஷன் அரிசி பசியை விரட்டியதை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. பசி போன வீட்டில் இப்போது சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வயது 63. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 9.1 சதவீதம் வந்தபோது மூன்றாவது மாத்திரையும் சேர்ந்தது. அப்போது டாக்டர், "மாத்திரையை நான் கூட்டிக்கொண்டே போகலாம், தட்டில் சோறு மலை மாதிரி இருந்தால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். வீட்டுக்காரியும் அதைத்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வெள்ளைக்கோட்டு சொன்னால்தான் காதில் ஏறுகிறது. ராத்திரிச் சோறு நின்றது. மதியம் ஒரு கரண்டி சோறு, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசலும் அவரைக்காய்ப் பொரியலும். காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு. ஊறுகாய், அப்பளம் இரண்டுக்கும் விடை கொடுத்தேன், அதுதான் கொடுமை. எட்டு மாதத்தில் சராசரி 6.9-க்கு வந்தது. மூன்று மாத்திரை ஒன்றானது.

குறைத்தவர் டாக்டர், நான் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு மாத்திரையை மொத்தமாக நிறுத்தினார், கஷாயத்தை நம்பினார். காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கேழ்வரகுக்கும் இப்படி ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. 'சர்க்கரைக்கு நல்லது' என்று சொல்லி எங்கள் ஊரில் தேங்காய் அளவு களி உருண்டையை உள்ளே தள்ளுகிறார்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதன் பெருமை வேறு: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமை ஒட்டித்தான். நார்ச்சத்தும் கூடுதல். அளவாக, கொள்ளுக் கடைசலோடு சாப்பிட்டால்தான் அந்தப் பலன்.

பெண்கள் கதை இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். என் மருமகள் அதை மாதக்கணக்கில் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர வைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

2023-ல் நீலகிரியிலும் எங்கள் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாகக் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அதை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டு போகலாம். சர்க்கரை வேண்டாம் என்பவருக்கு அதே மதிப்புக்குப் பயறோ கொள்ளோ தரலாம். இதற்கெல்லாம் காசு வேண்டும், காலம் வேண்டும் என்றால், மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண் தன் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளட்டும்: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
அரூர், தர்மபுரி மாவட்டம்.