லூப்பஸ் பிள்ளைக்கு வெயில் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

லூப்பஸ் (நோய் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) உள்ள பிள்ளையை வைட்டமின் டி-க்காக வெயிலில் நிறுத்தச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் புற ஊதாக் கதிரால் தோலின் உயிரணுக்கள் சிதைய, அந்தச் சிதைவுகளையே எதிரியாக எண்ணி உடல் தாக்கும். அடங்கிய நோய் மூளும். ஜன்னலோர வெயில் இன்னும் வீண். வைட்டமின் டி தரும் பி வகைக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகையை உள்ளே விடும்.

பள்ளித் திடலிலும் நிழல், முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் என்றிருக்கும் பிள்ளைக்கு, அதுவும் நம் கருந்தோலுக்கு, வைட்டமின் டி குறைவது இயல்பு. நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளணுக்களுக்கு (T cells) இது துணை. ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசொலோன் அரிக்கும் எலும்புக்கும் தேவை. ஆனால் லூப்பஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்துக்கு இது மாற்றாகாது.

தவறு நடப்பது அளவில்தான். வைட்டமின் டி சொட்டு மருந்தில், ஒரு புட்டியில் ஒரு சொட்டே 400 ஐயூ (சர்வதேச அலகு); வேறொன்றில் 1 மில்லிலிட்டர் முழுவதும் சேர்ந்துதான் 400. இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு மாறியபின் பழைய மில்லிலிட்டர் கணக்கில் ஊற்றினால் இருபது மடங்குக்கு மேல் போய்விடும். கால்சியம் ஏறும்: தாகம், வாந்தி, மலச்சிக்கல், பிறகு சிறுநீரகம். லூப்பஸ் கைவைப்பதும் பல பிள்ளைகளுக்கு அங்கேதான்.

ரத்த அறிக்கையில் வைட்டமின் டி அளவின் அலகையும் பாருங்கள். லிட்டருக்கு 50 நானோமோல் என்பது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம்தான். 50 என்றதும் நிம்மதி அடைய வேண்டாம், அது குறைபாட்டின் விளிம்பு.

கொழுப்பில் கரைவதால் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குறைவாகவே உடலில் சேரும்.

மருந்தாளர் ஒருவர்,
தெம்பனிஸ்