அம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு

அன்புள்ள மயக்க மருந்து டாக்டர் அம்மாவுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், ஆயா அக்காவுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆன அவசரத்தில் ஒரு கும்பிடு போட்டதோடு கிளம்பிவிட்டோம். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மாவுக்கு ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு போடும் வலி ஊசிதான் பயம். ஆறு வருடம் முன்பு வேறொரு இடத்தில் பித்தப்பை எடுத்தபோது, மார்ஃபின் வகை ஊசி போட்டதும் இரண்டு நாள் ஓயாத வாந்தி. ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் இழுக்கும். அங்கே சொல்லிப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. டாக்டர் அம்மா, நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டீர்கள். அப்புறம்தான் வலியைக் குறைக்க மெக்னீசியம் என்ற மருந்தையும் ஏற்றலாம் என்று சொன்னீர்கள்.

நரம்பில் வலிச் செய்தி போகும் வழியில் கால்சியம் நுழைய ஒரு கதவு உண்டு, வலி தட்டிக்கொண்டே இருந்தால் அது திறந்தே கிடந்து சின்ன வலியும் பெரிதாகத் தெரியும், மெக்னீசியம் அந்தக் கதவை அடைத்து நிற்கும் என்றீர்கள். இது மட்டுமே போதாது, ஆனால் மார்ஃபினைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1996-லேயே ஜெனீவாவில் இதே கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் இந்த மருந்து உடம்பில் தங்கிவிடுமாம். அதனால் முதலில் கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தீர்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராம் கணக்கில், 58 கிலோ அம்மாவுக்கு ஒன்றே முக்கால் கிராம், கால் மணி நேரமாக மெதுவாக ஏற்றினீர்கள். உடம்பெல்லாம் சூடாகப் பரவுகிறதே என்று அம்மா பதறியபோது, ரத்தக்குழாய் விரிவதால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, மயங்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டே இருந்தீர்களாம். தசை தளர்த்தும் மருந்தின் வேலை இதனால் நீளும், அம்மா வெளியே வரத் தாமதமாகலாம் என்று முன்பே சொல்லி வைத்ததால்தான் வாசலில் நாங்கள் பதறாமல் இருந்தோம்.

ராத்திரி சிஸ்டரை எப்படி மறப்பேன்! மணிக்கு ஒருதரம் சின்னச் சுத்தியலோடு வந்து அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். கால் துள்ளினால் முகத்தில் ஒரு நிம்மதி. மூச்சை எண்ணி, மூத்திரப் பையின் அளவைப் பார்த்து எழுதிக்கொள்வார். கால் துள்ளாவிட்டால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தமாம். அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி தட்டில் தயாராக இருந்தது. “பிரசவ வார்டில் வலிப்பு வராமல் இருக்கப் போடுவதும் இந்த மெக்னீசியத்தைத்தான், எங்களுக்குக் கை பழகின மருந்து” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் கண் மூடினேன்.

வலி இருக்கத்தான் செய்தது. மார்ஃபின் ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது, அதுவும் குறைந்த அளவு. வாந்தி வரவில்லை. மறுநாள் காலையில் ஆயா அக்கா தோள் கொடுக்க, அம்மா ஜன்னல் வரை நடந்து போய் நின்றார்.

நன்றியுடன்,
உங்கள் வார்டில் நான்கு நாள் இருந்த அம்மாவின் மகள்