பழைய லைன் டிரைவர்கள் சார்பில் நன்றி

அண்ணன்மார், தம்பிமார், அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியில் பழைய லாரி டிரைவர்கள் ஒன்றுகூடினோம் இல்லையா, அதற்குக் கைகொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மைக்கைக் கொடுத்தால் நிறுத்த மாட்டான், எழுதச் சொன்னால் கை வலித்துச் சீக்கிரம் முடித்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு தப்பு. இப்போது போனில் வாயால் சொன்னாலே எழுதிக்கொள்கிறது, பேத்தி பிழை திருத்தித் தருகிறாள். முதல் நன்றி அவளுக்கே.

மண்டபத்தை வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்தவர் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா ஒற்றை வண்டி வைத்து ஓட்டியவர், எங்களில் பல பேர் அந்த வண்டியில் கிளீனராக ஏறியவர்கள், அதனால் யார் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். திருச்செங்கோடு, ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கமிருந்து மூட்டு வலிக்காரர்களையும் கண் ஆபரேஷன் செய்தவர்களையும் வீடு வீடாகப் போய்க் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்ட தம்பிகளுக்கு நன்றி. டீசலுக்குக் காசு கொடுத்தபோது, "எங்கப்பாவ எத்தன தடவ நீங்க ஏத்திக்கிட்டு வந்துருக்கீங்க, விடுங்க மாமா" என்று ஒரு தம்பி சொன்னான். மண்டபத்தில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யாமலே வயதாகிப்போனவர்களுக்கு என்ன வழி இருக்கிறது, பதிவு செய்தவர்கள் ஓய்வூதியத்துக்கு எந்தக் காகிதம் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்ன இ-சேவை மையத்துப் பெண்ணுக்குப் பெரிய நன்றி. காது கேட்காதவர்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. சாப்பிடக் கூட அது எழுந்து போனதை நான் பார்க்கவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் போட்டதே பழைய லாரி ஆபீஸ்களின் பெயர்களையாவது எழுதி வைக்கலாம் என்றுதான். டி.வி.எஸ்ஸின் சதர்ன் ரோடுவேஸ், பொள்ளாச்சி ஏ.பி.டி. மாதிரி பெரிய கம்பெனிகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். அங்கே யூனிஃபார்ம் உண்டு, நேரம் உண்டு, சம்பளத் தேதி உண்டு. நாங்கள் ஓட்டியது பெயர்ப் பலகை மட்டும் பெரிதாக இருந்த ஆபீஸ்களுக்கு. உள்ளே ஓர் அறை, இரும்பு மேஜை, டயர் கம்பெனி காலண்டர், பூட்டுப் போட்ட டெலிபோன், மூலையில் தார்ப்பாயும் தாம்புக்கயிறும். பெயரோ பாதிக்கு முருகன், மீதிக்கு அம்மன் அல்லது மகள். இரண்டு வண்டி, மூன்று வண்டி, நன்றாகப் போனால் ஐந்து. முதலாளி என்றால் போன வருடம் வரை ஸ்டியரிங் பிடித்த ஆள்தான். சீட்டுப் பணம், மனைவியின் நகை, மச்சானின் பங்கு எல்லாம் சேர்த்து முன்பணம் கட்டி, ஃபைனான்ஸில் பாடி கட்டாத சேஸிஸ் எடுத்திருப்பார். கிளீனராக வந்தவன் டிரைவராகி, டிரைவர் பங்காளியாகி, பங்காளி தனி ஆபீஸ் போட்டு, முதல் ஆபீஸ்காரரிடமே லோடு கேட்டு வந்து நிற்பான். அவரும் கொடுப்பார், கமிஷன் பிடித்துக்கொண்டு.

இந்தப் பக்கம் ஏன் இப்படி வளர்ந்தது என்று கூட்டத்துக்கு வந்த கல்லூரிப் பையன் கேட்டான். மானாவாரி நிலம், மழை கைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது. சங்ககிரியில் 1963இல் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை வந்தது, அந்தச் சிமென்ட் மூட்டைதான் எங்களில் பலருக்கு முதல் லோடு, வாளையார் தாண்டிக் கேரளாவுக்கு. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் ரிக் வண்டியைக் கட்டிக்கொண்டு நாடு முழுக்கத் துளை போடப் போனார்கள். அப்புறம் 1975இல் நேஷனல் பர்மிட் வந்தது. சொந்த மாநிலத்தோடு சேர்த்துப் பல மாநிலங்களுக்கு ஒரே பர்மிட் என்றதும், வடக்கே போக யோசித்தவர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள். சேலத்து ஜவ்வரிசி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும், ஈரோட்டு மஞ்சள் டெல்லிக்கு, திரும்பி வரும்போது நாசிக் வெங்காயமோ ஆக்ரா உருளைக்கிழங்கோ ராஜஸ்தான் மார்பிளோ. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் பம்பாய் வாடிபந்தரில் நாள்கணக்கில் கிடந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எல்லாம் சுகமாகவே போனது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயர் எழுத உட்கார்ந்தோம் என்றேன் அல்லவா, எழுதியது கொஞ்சம்தான். ஒரு ஆபீஸ் பெயரைச் சொன்னால் உடனே அங்கே இருந்த கணக்குப்பிள்ளை, மெக்கானிக், பெயின்டர் என்று பேச்சு அவர்கள் பக்கம் போய்விட்டது. முதலாளிகளைப் பற்றிப் பேசியது குறைவு. ஆகவே இந்த மடலும் அவர்களுக்கே. பல பேர் உயிரோடு இல்லை. பிள்ளைகள் படிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஐயாவிலிருந்து தொடங்குகிறேன். லைனுக்கு, அதாவது வெளிமாநில ஓட்டத்துக்குப் போனால் வீட்டுச் செய்தி தெரிய வழியே கிடையாது. எஸ்.டி.டி. பூத் எல்லாம் பிற்பாடு வந்தது. அவர் என்ன செய்வார் என்றால், பின்னால் வருகிற வண்டிக்காரனிடம், அது வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும், ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அவன் தாவணகெரே பக்கம் நம்மவர்கள் வழக்கமாக நிறுத்துகிற டீக்கடையில் சொல்லிவிட்டுப் போவான். கடைக்காரருக்குத் தமிழ் அரைகுறை. வண்டி நம்பரையும் செய்தியையும் மனப்பாடம் செய்துகொண்டு, வருகிற தமிழ்நாட்டு வண்டியை எல்லாம் நிறுத்திக் கேட்பார். என் மூத்த மகள் பிறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது, "பெண்ணு, ரெண்டு பேரும் சௌக்கியம்" என்று, கூடவே ஒரு மைசூர்பாகும் வந்தது, காசு வாங்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இதே மாதிரி அப்பா இறந்த செய்தியை அதே கடையில் கேட்டவரும் இருந்தார். அவரை லாரி ஓட்ட விடாமல் பஸ் ஏற்றி அனுப்பி, வண்டியைக் கடை வாசலிலேயே பத்திரமாக நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டாராம். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகள் யாராவது தமிழ் தெரிந்தவர் மூலம் இதைக் கேட்டால் சந்தோஷம்.

கணக்குப்பிள்ளை ஐயா செய்த இன்னொன்று: நாங்கள் வெளியூரில் இருக்கும்போது முதலாளி மறந்தாலும் இவர் மறக்காமல் பேட்டாவில் ஒரு பகுதியை எடுத்து, சைக்கிளில் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். எங்களிடம் முழுசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அப்போது அவரைத் திட்டியவர்களில் நானும் உண்டு, வீட்டுக்காரம்மா மட்டும் திட்டியதே இல்லை.

அடுத்து, பட்டறைக்காரர்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்தது வெறும் சேஸிஸ். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது, இஞ்சினும் ஸ்டியரிங்கும் நாலு புறம் காற்றும்தான். ஜாம்ஷெட்பூரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். பலகையை வைத்துக் கட்டின சீட்டில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மழை வந்தால் நனைந்துகொண்டே வர வேண்டும். அப்படி வந்து சேர்ந்த எலும்புக்கூட்டுக்கு நாமக்கல் ஆசாரிகள் மரத்தில் கேபின் கட்டித் தருவார்கள். டிரைவரின் உயரம் பார்த்துச் சீட்டு, படுக்க இடம், ஸ்டவ்வும் அரிசி டின்னும் வைக்கத் தனிப் பெட்டி, சாமி படத்துக்கு மாடம். ஓட்டப்போகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கால் கிளட்ச்சுக்கு எட்டுகிறதா, கை பக்கத்தில் இடிக்கிறதா என்று பார்த்துத்தான் ஆணி அடிப்பார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத டாடா 1210ஐயும் லேலண்ட் காமெட்டையும் ராத்திரி முழுக்கத் திருப்பின தோள்களுக்குத்தான் தெரியும், சீட்டு ஒரு விரல் உயரம் தப்பினால் என்ன ஆகும் என்று. அந்த ஆசாரிகளுக்கும், பின்பலகையில் தாமரையும் மயிலும் வரைந்து 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிய பெயின்டர்களுக்கும் நன்றி. ஒரு பெயின்டர் எல்லா வண்டியிலும் மயிலுக்குக் கழுத்தைக் கொஞ்சம் கோணலாகவே வரைவார். ஹைவேயில் தூரத்தில் பார்த்ததும் நம்ம ஊர் வண்டி என்று தெரிந்துவிடும், TN 28, 34, 52 என்று நம்பர் படிக்க வேண்டிய வேலையே இல்லை.

கிளீனர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவர் என்று எல்லோரும் எங்களைத்தான் சொல்கிறார்கள். மகாராஷ்டிராவில் கசாரா, கம்பட்கி மலைப்பாதைகளில் வண்டி ஊர்ந்து ஏறும்போது பின்னால் ஏறித் தார்ப்பாயைக் கிழித்து மூட்டை இறக்குகிற கும்பல் உண்டு. அதற்காக லோடு மேலே குளிரில் படுத்துக்கொண்டு வந்தவன் கிளீனர். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்குக் கட்டை போடுபவனும் அவன்தான். ஒரு நொடி தாமதித்தால் கட்டையோடு அவனும் போயிருப்பான். சோறாக்குவான், பஞ்சர் பார்ப்பான், நான் தூங்கி விழாமல் இருக்கக் கதை சொல்வான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்குக்கு ஏர் இறங்கிப்போன ஒரு ராத்திரி, "அண்ணா, கியர மாத்தாதீங்க" என்று என் கையைப் பிடித்தபடியே வந்த பையன் இன்று பேரன் எடுத்துவிட்டான். மண்டபத்துக்கு வந்திருந்தான். நான் பேசியதைவிட அவன் பேசியதுதான் அதிகம், கதை சொல்லும் பழக்கம் போகவில்லை.

1991 டிசம்பரைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. நாங்கள் ஹூப்ளியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம், வழியில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். தும்கூருக்கு முன்னால் ஒரு அரிசி மில்காரர் ரோட்டுக்கே வந்து நின்று கையைக் காட்டி எங்களை உள்ளே திருப்பினார். வண்டியை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தி, நம்பர் பிளேட்டில் சேற்றை அப்பி, முகப்பில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் சாக்கைத் தொங்கவிட்டு, கலவரம் அடங்கும் வரை எங்களை வெளியே தலைகாட்ட விடவில்லை. அவர் வீட்டம்மா மூன்று வேளையும் ராகி முத்தையும் சாறும் அனுப்பினார். ஆட்கள் வந்து கேட்டபோது "வண்டி நம்முடையது" என்று சொன்னதை உள்ளேயிருந்து கேட்டோம். கன்னடம் அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் அது புரிந்தது. 2016இல் மறுபடியும் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது எனக்கு அந்த மில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து பொங்கலுக்கு மஞ்சளும் வெல்லமும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆபீஸை மூடியதோடு அதுவும் நின்றுவிட்டது. அது சரியில்லை என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்த வழியில் இப்போது வண்டி ஓட்டுகிற தம்பிகள் யாராவது அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் நாங்களே நேரில் போகலாம் என்று இருக்கிறோம்.

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், கோபித்தால் கோபிக்கட்டும். 1990களில் எங்கள் தொழிலில் எத்தனை வீடுகளில் எய்ட்ஸ் புகுந்தது என்று நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு வந்த 'புள்ளிராஜா' எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. லாரி நிற்கிற இடத்துக்கே இரவில் வந்து, கேலியையும் கெட்ட வார்த்தையையும் வாங்கிக்கொண்டு, டிரைவர்களிடமும் கிளீனர் பையன்களிடமும் கூச்சமில்லாமல் பேசி, சோதனைக்குக் கூட்டிப்போன தொண்டர்களும் நர்ஸம்மாக்களும் இருந்தார்கள். புருஷனை இழந்து, ஊர்ப் பேச்சையும் தாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தோம், வந்தார்கள். வந்ததற்கு நன்றி.

இப்போது பர்மிட்டும் மாறிவிட்டது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் செக்போஸ்ட் வரிசையும் போனது, நாலு வழிச் சாலை, ஏ.சி. கேபின், போனில் லோடு. நல்லதுதான், யாரும் அழ வேண்டியதில்லை. எங்கள் முதுகெலும்பைக் கேட்டால் இது முன்னாலேயே வந்திருக்கலாம் என்றுதான் சொல்லும். சின்ன ஆபீஸ்கள் மூடிக்கொண்டு வருவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. வண்டிக்குக் கோளாறு என்றால் நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று இன்றைய பையன்களிடம் கேட்டேன், கஸ்டமர் கேர் நம்பர் ஒன்றைக் காட்டினார்கள்.

பழைய எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகங்களையும் டிரிப் ஷீட்டுகளையும் போட்டோக்களையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் கவலைப்பட வேண்டாம், ஸ்கேன் எடுத்து முடித்ததும் எல்லாம் பத்திரமாக வீட்டுக்கு வந்து சேரும். போட்டோவின் பின்னால் பெயர் எழுதாமல் கொடுத்தவர்கள் தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள், காமெட் முன்னால் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிற ஆளை மூன்று பேர் "அது நான்தான்" என்கிறார்கள். மட்டன் குழம்பு வைத்த அக்காமார்களுக்கு நன்றி, உப்பு கொஞ்சம் தூக்கல், பிரஷர்காரர்கள் அதையும் பார்க்காமல் சாப்பிட்டோம். மண்டபத்தில் ஒரு கைத்தடி, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பல்செட்டு இருக்கின்றன. பல்செட்டுக்காரர் முதலில் வரவும்.