பின்கட்டுக்குச் சான்றிதழ் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லடா" என்பதோடு நிறுத்திவிடுகிறாள்.

வீடு வாங்கும் விஷயம் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டீர்கள். அத்தனை வருஷம் பத்திரம் எழுதியவர் நீங்கள், இந்த ஊர்க் கூத்தை உங்களிடம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

லண்டனில் ஹாரோ பக்கம் நாங்கள் பார்த்த வீடு 1930களில் கட்டியது, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. வில்லங்கம் பார்க்கும் கவலை இங்கே அவ்வளவாக இல்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு, அதாவது இந்த ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு, சில பவுண்ட் கட்டினால் உரிமையாளர் யார், எந்த வங்கியில் அடமானம் என்பது கைக்கு வந்துவிடும். சிக்கல் பின்கட்டில்தான். விற்பவர் 2015இல் பின்சுவரை எடுத்துவிட்டு, சமையலறையைத் தோட்டத்துப் பக்கம் 4 மீட்டர் நீட்டியிருக்கிறார். அந்த வீட்டிலேயே அழகான இடம் அதுதான். உங்கள் மருமகள் அங்கே நுழைந்ததுமே அடுப்பை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே இப்படி நீட்டிக் கட்ட இரண்டு விதமான அனுமதி. பிளானிங் என்பது, கட்டடம் தெருவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறதா என்று கவுன்சில், நம்மூர் நகராட்சி மாதிரி, பார்ப்பது. ஒட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு தளம், 3 மீட்டர் வரை, பெரும்பாலும் கேட்காமலே கட்டலாம். அதற்கு மேல் 6 மீட்டர் வரை என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், கவுன்சில் பக்கத்து வீட்டாரிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும். பில்டிங் கன்ட்ரோல் வேறு. அஸ்திவாரம், உத்தரம், கூரை எல்லாவற்றையும் கட்டக் கட்ட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, முடிவில் சான்றிதழ் தருவார். வீட்டை விற்கும் இந்த மனிதர் இரண்டு பக்கமும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிளானிங் பற்றி எனக்குப் பயமில்லை. கட்டி முடித்து 4 வருஷம் ஆகிவிட்டால் கவுன்சில் கை வைக்க முடியாது என்பது பழைய விதி. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அதை 10 வருஷமாக்கிவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பே முடிந்த வேலைக்குப் பழைய கணக்குதான்.

பில்டிங் கன்ட்ரோல்தான் உறுத்துகிறது. அந்தப் பின்சுவர் மாடியைத் தாங்கிய சுவர். அதை எடுத்தால் அங்கே இரும்பு உத்தரம் வர வேண்டும், எவ்வளவு கனம் என்று இன்ஜினியர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தாளும் இல்லை. வாங்குமுன் வீட்டின் நிலையைப் பார்த்துச் சொல்லும் சர்வேயர் வந்த அன்று நானும் கூடப் போனேன். உத்தரம் முடிகிற மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று சாய்வாக இறங்கியிருந்தது. புதுப் பெயின்ட்டுக்கு மேலும் தெரிந்தது. நகத்தால் அதைக் கீறிப் பார்த்தார். "பூச்சு காய்ந்ததாலும் இருக்கலாம், உத்தரம் தொய்ந்ததாலும் இருக்கலாம், திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது" என்றார். அப்புறம் குனிந்து, ஃபிரிட்ஜ் பக்கத்தில் தரையோடு தரையாக இருந்த இரும்பு மூடியைக் காட்டினார். சாக்கடை மேன்ஹோல், சமையலறைக்குள்! பொதுக் குழாய்மேல் கட்டுவதற்குத் தண்ணீர் கம்பெனியின் சம்மதம் தனியாக வேண்டும்.

வேடிக்கை இனிமேல்தான். "இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துவிடலாம், விற்பவரே கட்டுவார், எல்லாரும் செய்வதுதான்" என்கிறார் வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட். அது ஒரு வகை இன்ஷூரன்ஸ். பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அந்தச் செலவைப் பாலிசி தரும். உத்தரம் தொய்ந்தால் ஒரு பென்னி தராது. அதோடு, இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கவுன்சிலிடம் யாராவது வாய் திறந்திருந்தால் பாலிசியே கிடைக்காது. விசாரிக்காமல் எதையும் வாங்காதே என்று சொல்லி வளர்த்தீர்கள், இங்கே விசாரித்தால் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு கட்டியதற்கு, முடிந்தபின் கவுன்சிலிடம் விண்ணப்பித்தும் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்டால் பூச்சை உடைத்து உத்தரத்தைக் காட்ட வேண்டும், அஸ்திவாரம் தெரியக் குழி தோண்ட வேண்டும். குறை இருந்தால் சரிசெய்த பிறகுதான் சான்றிதழ். அதற்குள் நாங்கள் விலகிவிட்டால் பாலிசியும் போய், வீடும் விற்காமல் நிற்பார் விற்பவர். அவர் பயம் நியாயம்தான். அதை 2015இல் பட்டிருக்கலாம்.

எங்கள் சொலிசிட்டர், அதாவது பத்திர வேலை பார்க்கும் வக்கீல், ஒரு நடுவழி சொன்னார். எங்கள் செலவில் ஒரு இன்ஜினியர், விற்பவர் சம்மதத்தோடு, உத்தரத்தின் இரண்டு முனையிலும் கையகலம் பூச்சை எடுத்துப் பார்ப்பது. இன்ஜினியர் கவுன்சில் ஆள் இல்லை, அதனால் பாலிசிக்குப் பாதகமில்லை. உத்தரம் உறுதி என்றால், பாலிசியும் எடுத்துக்கொண்டு, சாக்கடைக்காக விலையைக் குறைத்துக் கேட்போம். இல்லையென்றால் வேறு வீடு. எதுவானாலும் கடன் தரும் வங்கிக்குச் சொலிசிட்டர் தெரிவித்தே ஆக வேண்டும். விற்பவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அட்வான்ஸ் மாட்டிக்கொண்டதோ என்று கவலைப்பட வேண்டாம். கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நாள்வரை இரு தரப்புக்கும் கட்டுப்பாடு இல்லை, வழக்கமான 10 சதவீதத்தை அன்றைக்குத்தான் கட்டுவோம். சர்வேக்குக் கொடுத்தது மட்டும் போனது போனதுதான். ஆகவே ஃபிக்ஸட் டெபாசிட்டை இப்போது உடைக்காதீர்கள். இன்ஜினியர் அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு அம்மா ஜோசியரிடம் நாள் கேட்டுவிட்டாளாம், அத்தை சொன்னாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகன்