பழைய புடவையைப் படம் எடுக்கும் முன்

கீழக்கரை,
புரட்டாசிக் கடைசி

அன்புள்ள தோழி,

நலம், நலமறிய ஆவல். மகள் கல்லூரி விடுதியில் நன்றாக ஒட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய், மனசு நிறைந்தது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் காற்று கொண்டலுக்கு, அதான் கீழைக் காற்றுக்கு, திரும்பிவிட்டது, சுவரெல்லாம் பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது.

தங்கச்சிமடத்தில் உன் தெருப் பெண்களின் பழைய புடவை, துணிமணியை ஆன்லைனில் விற்றுக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். நல்ல வேலைடி அது. பீரோவில் கிடந்து மக்குகிற துணி ஒருத்திக்குக் காசாகும், இன்னொருத்திக்கு உடுப்பாகும். எதில் போடுவது, எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாங்குகிறவளால் தொட்டுப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. அவளுக்காக நீதான் தொட்டு, மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மதுரைக்காரியைவிட நமக்கு இது கூடுதல் வேலை.

காரணம் உப்பு. கடல்காற்றில் வரும் உப்பு துணியில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அது அடிக்கடி நடக்கும். அதனால்தான் துவைத்து மடித்து வைத்த துணியும் பீரோவுக்குள் சில்லென்று கிடக்கிறது, பூசணம் பிடிக்கிறது, ப்ளவுஸ் கொக்கி துருவேறி மடிப்பில் பழுப்புக் கறை வைக்கிறது. விற்க வந்த துணியைக் கச்சான் என்கிற மேலைக் காற்று அடிக்கிற நாட்களில், நிழலில், வீட்டின் கரைப் பக்கத்தில் உலர்த்து. கொண்டலில் வெளியே போட்டால் உப்பைத்தான் சேர்த்துக்கொள்வாய்.

துவைக்கும் தண்ணீரும் அப்படித்தான். உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு நூலுக்குள் திப்பியாகத் தங்கி வெள்ளைத் துணியை மங்கலாக்கும், கறுப்பில் சாம்பல் பூக்கும். முதல் அலசல் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி இரண்டு அலசலுக்காவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வை. கஞ்சி போடாதே. பார்க்க மொடமொடவென்று இருக்கும், ஆனால் இராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி.

வாடையைப் பற்றி விற்பவர்கள் யாரும் எழுதுவதில்லை, வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை அதுதான். மக்கல் வாடை, அந்துருண்டை வாடை, கருவாடு வைத்திருக்கும் வீடானால் அந்த வாடையும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது, மூக்குக்குப் பழகியிருக்கும். துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி இரவு முழுக்க வைத்து, காலையில் வெளியாள் ஒருவரை மோந்து பார்க்கச் சொல். வாடை இருந்தால் நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றாட விடு. அதன் மேல் சென்ட் அடிப்பது ஏமாற்று. சரிகையும் கறுத்துப்போகும்.

பூசணம் மேலாகப் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷால் தட்டிவிடு, பிறகு டிரைவாஷுக்குக் கொடு. உள்ளே துடைத்தால் பக்கத்துத் துணிக்கும் ஒட்டும். பழுப்புப் புள்ளியாக இறங்கிவிட்டதென்றால் அது போகாது. போகும் என்று யார் சொன்னாலும் ப்ளீச் மட்டும் போடாதே, பட்டு நூலை அது தின்றுவிடும். புள்ளி எங்கே, எத்தனை என்று எழுதி விலையைக் குறைத்து விற்றுவிடு.

பட்டுப்புடவைதான் இதில் பெரிய விஷயம், பணமும் அங்கேதான். முழுப் புடவையையும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தது என்றால் மடிப்புக் கோட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். அந்த இடத்தை இரு பக்கமும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழு. நூல் நகர்ந்தாலோ இற்றாலோ, அது உடுத்தும் புடவையாக விலை போகாது. பார்டரும் உடலும் சேரும் இடம், முந்தானை சேரும் இடம், கொசுவம் செருகும் இடம், ஃபால்ஸ் தைத்த அடி ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பார். ஃபால்ஸ் துணி சுருங்கி அடி ஓரம் சுருக்கமாக நின்றால் அதைப் பிரித்து எடுத்துவிடு. தையல் ஓட்டை தெரிந்தால் அதையும் ஒரு படம் எடு.

பழைய பட்டை எடைக்கு எடுப்பவர்கள் சரிகைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். இற்றுப்போன புடவைக்கு அதுதான் வழி, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடல் நன்றாக இருக்கும் புடவையை அவசரத்துக்கு அவர்களிடம் கொடுக்க விடாதே. எப்படியானாலும் சரிகை எது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் கொடுத்தது. அடுத்த தரத்தில் செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம். கடைசி, உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை. முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு இழையை எடுத்துக் கொளுத்திப் பார். பிளாஸ்டிக் சுருண்டு உருண்டையாகும். உலோகச் சரிகையில் உள்நூல் எரிந்து கம்பி மிஞ்சும். கடற்கரை வீட்டில் இன்னொரு அடையாளமும் உண்டு: மடிப்புக்குள் பச்சை படிந்திருந்தால் செம்பு, கறுத்திருந்தால் பெரும்பாலும் வெள்ளி. சுரண்டினால் சிவப்பு நூல் தெரிகிறது, அதனால் அசல் என்று சொல்வார்கள். மட்டச் சரிகைக்கும் சிவப்பு நூல் போட முடியும், அதை மட்டும் நம்பாதே. விலை உயர்ந்த புடவையென்றால் நகைக்கடையில் உலோகம் சோதிக்கும் மெஷினில் காட்டிவிடலாம். தெரியாததை ‘அசல் வெள்ளிச் சரிகை’ என்று எழுதிவிடாதே. ‘சரிகை சோதிக்கப்படவில்லை’ என்று எழுது, அதற்கும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பட்டுதானா என்று பார்க்கவும் அதே நெருப்புதான். தலைமுடி கருகும் வாடை அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. சில்க் மார்க் அட்டை கேட்பார்கள். அந்த முத்திரை 2004-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய புடவையில் அட்டை இருக்காது. அந்த அட்டையும் பட்டுக்கு மட்டும்தான் உறுதி, சரிகைக்கு இல்லை. இரண்டையும் விளக்கிச் சொல்லிவிடு.

நீளத்தை டேப் வைத்து அளந்து எழுது. புடவை ஐந்தரை மீட்டர், ப்ளவுஸ் துணி 80 சென்டிமீட்டர் என்பது வழக்கம். ப்ளவுஸ் வெட்டியாகிவிட்டதா இல்லையா என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். தைத்த ப்ளவுஸ் தனியாக விலை போவது கடினம், புடவையோடு சேர்த்துக் கொடு. உள்ளே எத்தனை அங்குலம் பிடித்து விட்டிருக்கிறது என்று எழுதினால் வாங்குகிறவள் பிரித்துத் தைத்துக்கொள்வாள்.

சுடிதார், சட்டைக்கு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எழுதிப் பிரயோஜனமில்லை, கடைக்குக் கடை மாறும். தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, அதை இரட்டித்து எழுது. துபாயிலிருந்து வரும் குழந்தை உடுப்பில் 98, 104, 110 என்று இருக்கும். அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். 104 என்றால் நாலு வயதுப் பிள்ளைக்குச் சுமாராகப் பொருந்தும். எங்கள் ஊரில் நிறைய வரும் அபாயாவில், அதான் முஸ்லிம் பெண்கள் மேலே போடும் நீள அங்கியில், 52, 54, 56 என்பது தோளிலிருந்து அடிவரை உள்ள நீளம், அங்குலத்தில். அதில் பார்க்க வேண்டியது அக்குள் வெளுப்பு, மணலில் உரசிய அடி ஓரம், பசையில் ஒட்டிய கல். ஒரு கல்லைப் பிடித்து லேசாக அசைத்துப் பார், புழுக்கத்தில் பசை இளகியிருக்கும். உள்ளாடை வேண்டவே வேண்டாம். ஆண்கள் சட்டையில் காலர் மடிப்பு நைந்திருந்தால் படமே எடுக்காதே.

படம் காலை வெயிலில், ஆனால் திண்ணை நிழலில். ஃபிளாஷும் ஃபில்டரும் கூடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி இருந்தால் நிறம் எவ்வளவு மாறித் தெரிகிறது என்று வாங்குகிறவளுக்கே புரியும். மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டுத்துணியின் நிறத்தை நிழற்படம் காட்டாது, அசைத்து ஒரு சின்ன வீடியோ எடு. கறை, கிழிசல் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வை. அதன் அகலம் 27 மில்லிமீட்டர் என்பதால் குறையின் அளவு தெளிவாகிவிடும். குறைப் படத்தைக் கடைசியில் ஒளிக்காதே, இரண்டாவது படமாகப் போடு.

எதில் போடுவது என்றால், பட்டுக்கு இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும், அன்றாடத் துணிக்கு வாட்ஸ்அப் குழுவும் போதும். பட்டை ஆடி பாதியிலேயே போடத் தொடங்கு, ஆவணி முகூர்த்தத்துக்குத் தேடுவார்கள். அபாயா, குழந்தை உடுப்புக்குப் பெருநாளுக்கு முந்தைய மாதம். விலை வைக்கும்போது 250 ரூபாய் சுடிதாருக்குத் தபால் 80, கவர் 10, துவைத்துத் தேய்க்க 30 என்று வைத்துக்கொள், துணிக்காரிக்கு 130 மிஞ்சும், அதில்தான் உன் பங்கும். அதனால் விலை குறைந்ததை மூன்று நான்காகச் சேர்த்துக் கட்டி விற்பதுதான் கட்டுப்படியாகும்.

அனுப்பும்போது உச்சிவேளையில், துணி நன்றாக உலர்ந்திருக்கையில் கட்டு. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் வழியிலேயே பூசணம் பூக்கும். சரிகை உள்பக்கமாக மடித்து, நடுவில் வெள்ளைப் பருத்தித் துணி வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. செய்தித்தாள், ரப்பர் பேண்ட் இரண்டும் ஆகாது. மை ஒட்டும், ரப்பரிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கட்டிய பிறகு எடை போடு. அரைக் கிலோவைத் தாண்டினால் அடுத்த கட்டணம், வெறும் அட்டைப்பெட்டிக்காக அதைக் கொடுக்காதே. குறைப் பக்கம் காட்டி, மடித்து, ஒட்டி முடிக்கும் வரை ஒரே வீடியோவாக எடுத்து வை. கூரியர்காரர்கள் கடலோரக் குக்கிராமம் என்றால் தயங்குவார்கள், ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேரும்.

பணம் வந்த பிறகுதான் பார்சல். வந்ததா என்பதை உன் வங்கிக் கணக்கில் பார், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதே. ‘ராணுவத்தில் இருக்கிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள், பணம் வரும்’ என்பது பழைய மோசடி. உச்சிப்புளியில் கடற்படைத் தளம் இருப்பதால் நம் பக்கம் அதைச் சட்டென்று நம்பிவிடுவார்கள். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம், கொடுப்பதற்குத்தான் அது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய். தெருப் பெண்களுக்கும் இதைச் சொல்லி வை.

இன்னொன்று. ‘யார் கட்டியது’ என்று சிலர் கேட்பார்கள். இறந்தவர் புடவையாக இருந்தால் மறைக்காதே. கேட்பவள் வேண்டாம் என்றால் அது அவள் மனசு, அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். கூறைப்புடவையை மட்டும் விற்கத் தருகிறவளிடம் ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொல்.

அந்த அரக்குப் புடவையும் பரமக்குடிப் புடவை இரண்டும் முதலில் போடப் போவதாக எழுதியிருந்தாய் அல்லவா, மூன்றின் நீளம், எடை, மடிப்புக் கோட்டின் படம், சரிகை இழையைக் கொளுத்தியபோது என்ன ஆனது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு. விலையைச் சேர்ந்து முடிவு செய்வோம். மழைக்கு முன் உலர்த்திவிடு.

அன்புடன்,
உன் தோழி