மணியும் இடியும்

அன்புள்ள சுந்தரம்,

பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே. உன் சார்பில் வத்சலாவே திட்டி முடித்துவிட்டாள். இங்கே எல்லாரும் நலம். நேரே உன் நாய் மணி விஷயத்துக்கு வருகிறேன்.

இடிச் சத்தத்தை ரெக்கார்ட் போட்டுப் பழக்கியே இடிப்பயத்தைத் துடைத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் என்ன பீற்றல்! இப்போது முதல் மழைக்கே கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான் என்று புலம்பல். பயம் துடைபடவே இல்லையப்பா, அதுதான் காரணம்.

ஆய்வுக்கூடத்தில் எலிக்கு ஓர் ஒலியையும் உடனே காலில் லேசான மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால், மறுநாள் அந்த ஒலிக்கே அது பயத்தில் உறைந்து நிற்கும். மூளையில் ஒலியும் வலியும் சந்திக்கும் பய மையமான அமிக்டலாவில் இணைப்பு வலுத்துவிடுகிறது. அப்புறம் அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கேட்கவைத்தால் உறைவது குறையும். ஆனால் பழைய இணைப்பு உள்ளே அப்படியே இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியான முன்நெற்றிப் புறணி 'இதனால் ஆபத்தில்லை' என்று புதுப் பாடம் கற்று அமிக்டலாவை அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான். 2002-ல் மிலாட், குவெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் புறணியின் அந்த இடத்தை ஒலியோடு சேர்த்துத் தூண்டியபோது, ஒலியை மட்டும் கேட்கவைத்துப் பழக்கப்படுத்தாத எலிகள்கூடக் குறைவாக உறைந்தன.

வம்பு எங்கே என்றால், பயம் போகிற இடமெல்லாம் கூட வரும். புதுப் பாடமோ கற்ற அறையோடு ஒட்டிக்கொள்ளும். மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் பல வருடம் காட்டியது இதைத்தான். இடம் மாறினால் பயம் திரும்பும். சும்மா நாள் கடந்தாலும் திரும்பும். உணவின் அறிகுறிக்கே உமிழ்நீர் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய்களில், உணவு தராததால் நின்றுபோன உமிழ்நீரே அப்படித்தான் திரும்பியது.

நீ கூடத்தில் மட்டும், பகலில் மட்டும், போன் ஸ்பீக்கரில் பழக்கியிருக்கிறாய். இடியின் அடித்தொண்டை உறுமல் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. மணி பழகியது வேறு ஏதோ சத்தத்துக்கு! பெரிய ஸ்பீக்கராக எடு. காது லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் வை. முதலில் சத்தம், ஓரிரு நொடியில் இறைச்சித் துண்டு. வரிசை மாறினால் கெட்டது: இறைச்சியே இடிக்கு முன்னறிவிப்பாகி, தட்டைப் பார்த்தாலே ஓடுவான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். துண்டை வாங்க மறுத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறை. அறை, நேரம், நீ நிற்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இரு. மழைச் சத்தமும் இருட்டும் பயத்தோடு சேர்ந்தவைதான், அவற்றையும் கூட்டிக்கொள்.

உன் மைத்துனர் சொன்ன மாதிரி நிஜ இடியில் வெளியே கட்டிப்போடாதே. அசையாமல் நிற்பதைப் பார்த்துத் தெளிந்துவிட்டான் என்பார், அது உறைதல். நிஜ இடியின்போது பாடமே வேண்டாம். ஜன்னலைச் சாத்திப் பக்கத்தில் உட்கார், தடவிக் கொடு. அதனால் பயம் வளராது.

பயத்தை மருந்தால் அழிக்க முடியாதா என்று கேட்பாய். 2000-ல் நேடர் என்ற ஆய்வாளரின் குழு, பய நினைவைக் கிளறிய உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை எலியின் அமிக்டலாவுக்குள்ளேயே செலுத்திப் பயத்தைக் குலைத்தது உண்மைதான். மருந்துக் கடையில் போய்க் கேட்டு மானத்தை வாங்காதே.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. விபத்துக்கு அப்புறம் ராகவன் இரண்டு மாதம் நன்றாகக் கார் ஓட்டிவிட்டு, இப்போது மறுபடி சாவியைத் தொட மறுக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்கும் இதே கதைதான். பட்ட பாடு வீண் என்று அவன் நினைக்க விடாதே. இரண்டாம் முறை பழக்கினால் பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடும். முதலில் பழகிய அதே தெருவிலேயே ஓட்டாமல் வேறு வேறு சாலைகளில், பகலிலும் இரவிலும் ஓட்டச் சொல். சிகிச்சையாளரிடம் அவன் திரும்பப் போகிறானா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
பாலு